எம்.எஸ். நோய்க்கு ஸ்டெம் செல்: தங்கையை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: என் தங்கைக்கு வயது 31. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கண்ணில் பார்வை மங்கியபோது, மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்று கண்டறிந்தார்கள். முதலில் இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். கடந்த மூன்று ஆண்டுகளாக ஃபிங்கோலிமோட் மாத்திரை சாப்பிடுகிறாள். அப்படியும் கடந்த ஓராண்டில் இரண்டு முறை நோய் திரும்பியது. இடது கால் தடுமாறுகிறது, எம்.ஆர்.ஐ.யில் புதிய புள்ளிகள் தெரிகின்றன. தனியார் மையம் ஒன்றில், தொப்புள்கொடி ஸ்டெம் செல்லைக் கையின் ரத்தக்குழாயில் மூன்று முறையும் முதுகுத்தண்டில் ஒரு முறையும் செலுத்தினால் பழுதான நரம்பு மீண்டும் வளரும், பக்கவிளைவே கிடையாது என்கிறார்கள். அங்கே போய்ச் சுகமானவர்களின் காணொளிகளையும் பார்த்தேன். அதற்கு ஒரு மாதம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். உறவினர் ஒருவரோ, ஸ்டெம் செல் என்றால் கீமோதெரபி கொடுப்பார்கள், உயிருக்கே ஆபத்து என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வது உண்மை? அம்மாவுக்கு மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமும் சித்திக்குத் தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மாவும் உள்ளன. மூவருக்கும் சேர்த்துச் செய்தால் சலுகை உண்டு என்கிறது அந்த மையம். அழைத்துச் செல்லலாமா?

நரம்பியல் மருத்துவரின் பதில்:

மற்றதைப் பேசுவதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மையத்தின் பேச்சைக் கேட்டு ஃபிங்கோலிமோட் மாத்திரையை நிறுத்த வேண்டாம். மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் வெள்ளை அணுக்களை நிணநீர் முடிச்சுகளுக்குள்ளேயே அடைத்து வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. திடீரென நிறுத்தினால் அவை ரத்தத்தில் மொத்தமாக வெளிப்பட்டு, அடுத்த சில வாரங்களிலிருந்து மூன்று நான்கு மாதங்களுக்குள், மாத்திரை தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிடக் கடுமையாக நோய் திரும்புவது சிலருக்கு நேர்கிறது. ஏற்கெனவே நிறுத்திவிட்டிருந்தால், இரண்டு வாரங்களுக்கு மேல் விட்டுப்போன மாத்திரையை வீட்டிலேயே மீண்டும் தொடங்கவும் கூடாது. முதல் மாத்திரை இதயத்துடிப்பைக் குறைக்கக்கூடும் என்பதால் மருத்துவமனையில் சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். மாற்று மருந்துக்கு ஏற்பாடு செய்யாமல் இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவருக்கு எம்.எஸ். நோயாளிகளைப் பார்த்துப் பழக்கம் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். அந்த மையமும் உங்கள் உறவினரும் ஸ்டெம் செல் என்ற ஒரே பெயரைச் சொன்னாலும், அவர்கள் பேசுவது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சிகிச்சைகளைப் பற்றி. உறவினர் சொல்வது, ரத்த அணுக்களை உருவாக்கும், நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களைக் கொண்டு செய்யப்படும் மாற்று சிகிச்சை (டிரான்ஸ்பிளான்ட்). அது உண்மையான சிகிச்சை, ஆபத்தும் உண்மை, ஆனால் அவர் அஞ்சும் அளவுக்கு இப்போது இல்லை. மையம் விற்பது, வேறொருவரின் தொப்புள்கொடியிலிருந்து எடுத்து வளர்த்த, மீசன்கைமல் என்ற வேறு வகைச் செல்கள். முதல் சிகிச்சைக்குக் கிடைத்த ஆய்வு முடிவுகளைக் காட்டி இரண்டாவதை விற்பது உலகெங்கும் நடக்கும் பழைய வித்தை.

ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. அதில் நோயைக் கட்டுப்படுத்துவது ஸ்டெம் செல் அன்று, கீமோதெரபிதான். எம்.எஸ். நோயில், நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறையை அந்நியப் பொருளாக எண்ணி நோயாளியின் வெள்ளை அணுக்களே தாக்குகின்றன. அந்தத் தாக்குதலை நினைவில் வைத்திருக்கும் அணுக்களை வலுவான மருந்துகளால் கூடியவரை அழித்துவிடுவதே சிகிச்சையின் நோக்கம். அவ்வாறு அழிக்கும்போது எலும்பு மஜ்ஜையும் ஒடுங்கிப்போகும் என்பதால், முன்கூட்டியே எடுத்து உறையவைத்த நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களைத் திருப்பிக் கொடுத்து மஜ்ஜையை மீட்கிறார்கள். அதன்பின் தைமஸ் சுரப்பி வழியாக, டி அணுக்கள் என்ற வகை வெள்ளை அணுக்கள் புதிதாக உருவாகி வருகின்றன. சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எடுத்த ரத்தத்தை ஒப்பிட்ட ஆய்வுகள், டி அணுக்களின் தொகுப்பில் பெரும்பகுதி மாறிவிடுவதைக் காட்டியிருக்கின்றன. திருப்பிக் கொடுக்கும் செல்கள் மூளைக்குப் போய் நரம்பை வளர்ப்பதில்லை. எனவே ‘நரம்பு மீண்டும் வளரும்’ என்ற வாக்குறுதி, நிரூபணம் பெற்ற இந்தச் சிகிச்சைக்கே பொருந்தாது.

நடைமுறை எப்படியிருக்கும் என்று தெரிந்துகொண்டால் வீண் பயமும் குறையும், வீண் நம்பிக்கையும் குறையும். முதலில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோதெரபி மருந்தைச் செலுத்தி, பிறகு சில நாட்கள் ஜி-சி.எஸ்.எஃப். என்ற ஊசியைப் போட்டு, மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைப்பார்கள். ஜி-சி.எஸ்.எஃப். ஊசியைத் தனியாகப் போட்டால் எம்.எஸ். நோயாளிகளில் சிலருக்கு நோய் கிளம்பிவிடுவதால்தான் அதனுடன் சைக்ளோஃபாஸ்ஃபமைடோ ஸ்டீராய்டோ சேர்க்கப்படுகிறது. பின்னர் டயாலிசிஸ் கருவியை ஒத்த ஓர் இயந்திரத்தில் சில மணி நேரம் ரத்தம் சுற்றிவரும். தேவையான செல்களைப் பிரித்துக்கொண்டு மீதியை உடலுக்கே அது திருப்பியனுப்பும். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைப்பதால் உதடும் விரல் நுனியும் மரத்துப்போனது போல இருக்கும்; கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். சேகரித்த செல்கள் உறைநிலைக்குப் போகும். சில வாரங்கள் கழித்து மருத்துவமனையில் சேர்ந்து, வலுவான கீமோதெரபியும் டி அணுக்களை அழிக்கும் ஏ.டி.ஜி. என்ற மருந்தும் பல நாட்கள் பெற வேண்டும். அது முடிந்ததும் உறைந்த பையைக் கட்டிலருகிலேயே வெந்நீர்த் தொட்டியில் உருக்கி, ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். உறையவைக்கப் பயன்படுத்திய டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவம் மூச்சில் வெளியேறுவதால், ஒரு நாள் முழுவதும் அறையில் பூண்டு வாடை போன்ற ஒன்று அடிக்கும். இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகு ஒரு சிறிய பையை ஏற்றி முடிப்பதைப் பார்த்து, ‘இவ்வளவுதானா?’ என்று கேட்காத நோயாளிகள் குறைவு.

கடினமான நாட்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. புதிய அணுக்கள் தலைகாட்டும் வரை, ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாட்கள், நோயாளியிடம் எதிர்ப்பு சக்தி என்று சொல்லத்தக்க எதுவும் இருக்காது. காய்ச்சல் வரும், வாய்ப்புண் வரும், தட்டணுக்கள் ஏற்ற வேண்டியிருக்கும், முடி கொட்டும். காய்ச்சலின்போது பழைய எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடுவதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று குடும்பத்தார் பதறுவதும் உண்டு. வீடு திரும்பிய பின்னும் உடலில் உறங்கிக்கிடக்கும் வைரஸ்கள் விழித்துக்கொள்ளலாம். பல மாதங்கள் தடுப்பு மாத்திரைகள் தேவைப்படும். குழந்தைப் பருவத் தடுப்பூசிகளை மீண்டும் முதலிலிருந்து போட வேண்டும். தைராய்டு போன்ற வேறொரு தன்னுடல் தாக்கு நோய் பின்னாளில் சிலருக்குத் தோன்றுகிறது. உயிராபத்தைப் பொறுத்தவரை, 1995 முதல் 2006 வரை சிகிச்சை பெற்ற 281 பேரின் விவரங்களைத் தொகுத்த பன்னாட்டு ஆய்வில், முதல் நூறு நாட்களுக்குள் இறந்தவர்கள் 2.8 விழுக்காடு. நோயாளிகளைத் தேர்ந்தெடுப்பதில் பின்னர் வந்த கவனமும் மையங்களின் அனுபவமும் சேர்ந்து, ஐரோப்பியப் பதிவேடுகளில் அது ஆயிரத்துக்கு மூன்று பேர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. உங்கள் உறவினர் அறிந்திருப்பது பழைய காலத்துக் கணக்காக இருக்கலாம்.

பலன் எப்படி? எம்.எஸ். நோய்க்காக இந்தச் சிகிச்சை முதலில் கிரீஸ் நாட்டின் தெசலோனிகியில் 1995இல் தொடங்கியது. 2019இல் வெளியான மிஸ்ட் ஆய்வில், மருந்து எடுத்தும் நோய் திரும்பிக்கொண்டிருந்த 110 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மாற்று சிகிச்சையும் மறு பிரிவினருக்கு மருந்துகளும் கொடுத்தார்கள். மாற்று சிகிச்சை பெற்றவர்களில் மூவருக்கு மட்டுமே உடல் குறைபாடு கூடியது. மருந்துப் பிரிவில் 34 பேருக்குக் கூடியது. மாற்று சிகிச்சையால் யாரும் இறக்கவில்லை. எண்ணிக்கை கண்ணைக் கவர்வதுதான். ஆனால் மருந்துப் பிரிவில் இருந்தவர்களுக்கு ஒக்ரெலிசுமாப், அலெம்டுசுமாப் போன்ற வலிமை மிக்க மருந்துகள் கொடுக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். நீண்டகாலப் பலனுக்கு இத்தாலியில் 210 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வைப் பார்க்கலாம்: விட்டுவிட்டுத் திரும்பும் வகை எம்.எஸ். உள்ளவர்களில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினருக்குப் பத்து ஆண்டுகள் கழித்தும் குறைபாடு கூடவில்லை.

இந்தப் பலன் எல்லா எம்.எஸ். நோயாளிகளுக்கும் கிடைப்பதில்லை. கீமோதெரபியால் அணைக்க முடிவது அழற்சியை மட்டுமே. ஏற்கெனவே அறுந்துபோன நரம்பிழைகளை அது ஒட்டவைக்காது. ஆகவே வயது ஏறத்தாழ 45க்குள், நோய் தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்குள், இன்னும் நடமாட்டம் உள்ள நிலையில், மருந்து எடுத்தும் கடந்த ஓராண்டில் நோய் திரும்பியும் எம்.ஆர்.ஐ.யில் புதிய புள்ளிகள் தோன்றியும் இருப்பவர்களுக்கே இது அதிகம் உதவுகிறது. பல ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருந்து, புதிய புள்ளி எதுவும் இல்லாமல் மெல்ல மெல்ல நலிந்துவருபவருக்கு இதில் ஆபத்து அதிகம், ஆதாயம் சொற்பம். அத்தகையவர்களிடமிருந்துதான் எனக்கு அதிகக் கடிதங்கள் வருகின்றன என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

உங்கள் தங்கை முதல் வகையைச் சேர்ந்தவர் என்றே கடிதத்திலிருந்து தெரிகிறது. அப்படியானால் நேரே மாற்று சிகிச்சைக்குப் போகலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. அவர் இதுவரை எடுத்தவை மிதமான, இடைத்தர மருந்துகளே. நடாலிசுமாப், ஒக்ரெலிசுமாப், ஓஃபாடுமுமாப் போன்ற உயர்திறன் மருந்து எதையும் அவர் முயன்று பார்த்ததாகத் தெரியவில்லை. மாற்று சிகிச்சை பெற்றவர்களையும் மருந்து எடுத்தவர்களையும் பதிவேடுகளின் வழியே ஒப்பிட்டு 2023இல் வெளியான ஆய்வில், ஃபிங்கோலிமோடைவிட மாற்று சிகிச்சை தெளிவாக மேலானதாகவும், நடாலிசுமாபைவிடச் சற்றே மேலானதாகவும் இருந்தது. ஒக்ரெலிசுமாபுடன் ஒப்பிடும்போது, அந்தக் குறுகிய கால அளவுக்குள் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே முதலில் உயர்திறன் மருந்துக்கு, இடையில் நீண்ட இடைவெளி விழாமல், மாற வேண்டும். அதே வேளையில், எம்.எஸ். நோயாளிகளுக்கு மாற்று சிகிச்சை செய்து பழகிய மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவரையும் ரத்தவியல் மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவைப்பதில் தவறில்லை. புதிய மருந்து வேலை செய்யத் தொடங்கியபின் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யை அடிப்படையாகக் கொண்டு, ஓராண்டுக்குள் மறுபடியும் நோய் கிளம்பினால், அப்போது மாற்று சிகிச்சையைத் தயங்காமல் பேச வேண்டும். ஒவ்வொரு மருந்தாகப் பல ஆண்டுகள் முயன்று, கால்கள் செயலிழந்த பிறகு அதைக் கேட்டு வருவதில் பயனில்லை.

ஒன்று கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். இவ்வளவு நீண்ட கடிதத்தில் உங்கள் தங்கை என்ன நினைக்கிறார் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அவருக்குக் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பது இந்த முடிவில் மையமான கேள்வி. மாற்று சிகிச்சைக்கான கீமோதெரபி சினைப்பைகளைப் பாதிக்கும். சிலருக்கு மாதவிடாய் நிரந்தரமாக நின்றுவிடும். வயது கூடக் கூட அந்த ஆபத்தும் கூடும். அதற்கு முன்பே கருமுட்டைகளை எடுத்து உறையவைத்துக்கொள்ள வழியுண்டு. ஆனால் அதைத் திட்டமிட்டுச் செய்ய வேண்டும், கீமோதெரபி தொடங்கிய பின் இயலாது. இப்போது சாப்பிடும் ஃபிங்கோலிமோட்கூடக் கருவில் உள்ள குழந்தைக்கு ஆகாத மருந்து. நிறுத்திக் குறைந்தது இரண்டு மாதங்கள் கடந்த பிறகே கருத்தரிக்கலாம். இதையெல்லாம் அவரிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா? ஆலோசனைக்கு வரும்போது அவர் மருத்துவரிடம் தனியாகப் பேச நேரம் கேட்கட்டும். நீங்கள் சற்று வெளியே காத்திருங்கள்.

இப்போது அந்த மையத்தின் தொப்புள்கொடிச் செல்களுக்கு வருகிறேன். மீசன்கைமல் செல்கள் அழற்சியைத் தணிக்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன என்பது ஆய்வகத்தில் தெரிந்த உண்மை. அதனால்தான் அவற்றை மருத்துவ உலகம் அக்கறையோடு ஆராய்ந்தது. ஆனால் கையின் ரத்தக்குழாயில் செலுத்தும்போது அவற்றில் பெரும்பாலானவை நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொண்டு, சில நாட்களுக்குள் மறைந்துவிடுகின்றன. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த இத்தகைய செல்களை 144 எம்.எஸ். நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. செல்கள் தீங்கு செய்யவில்லை, ஆனால் எம்.ஆர்.ஐ.யில் அழற்சிப் புள்ளிகளைக் குறைக்கவும் இல்லை. முறையான கண்காணிப்பில், தரப்படுத்திய செல்களை வைத்துச் செய்த ஆய்வே இவ்வளவுதான் சொல்கிறது என்றால், எந்தத் தரக் கட்டுப்பாட்டில் வளர்த்தது என்று தெரியாத குப்பியிலிருந்து நரம்பு வளரும் என்பதை எப்படி நம்புவது?

முதுகுத்தண்டு ஊசி என்னை இன்னும் கவலைப்பட வைக்கிறது. பக்கவாதத்துக்காக மூன்று நாடுகளின் மையங்களில் முதுகுத்தண்டில் ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்ட ஒருவருக்கு, அவருடையதல்லாத செல்களே தண்டுவடத்தில் கட்டியாக வளர்ந்ததை 2016இல் மருத்துவ இதழ் ஒன்றில் விரிவாக வெளியிட்டார்கள். தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து தயாரித்த பொருளை ஊசியாகப் பெற்ற 12 பேர், 2018இல் அமெரிக்காவில், பாக்டீரியா தொற்றோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பக்கவிளைவே கிடையாது என்று சொல்லும் ஒரு மருத்துவர் அதைச் சொன்ன அந்த நிமிடமே நீங்கள் எழுந்து வந்திருக்கலாம்.

அங்கே போய்ச் சுகமானவர்களின் காணொளிகளைப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. விட்டுவிட்டுத் திரும்பும் எம்.எஸ். தானாகவே சில வாரங்களிலோ மாதங்களிலோ ஓரளவு தணியும் இயல்புடையது. நோய் மோசமாக இருக்கும்போதுதான் மக்கள் இத்தகைய மையங்களைத் தேடிப் போகிறார்கள். ஆகவே எதைச் செய்தாலும் அதன்பின் நலம் தோன்றவே செய்யும். ஊசியோடு ஸ்டீராய்டும் பிசியோதெரபியும் சேர்த்துக் கொடுத்தால் சொல்லவே வேண்டாம். இரண்டாண்டு கழித்து அதே நபரின் எம்.ஆர்.ஐ. எப்படியிருந்தது என்று எந்தக் காணொளியும் காட்டுவதில்லை. இதை ஆய்வு என்று அந்த மையம் சொன்னால், எந்த அரசுப் பதிவேட்டில் என்ன எண்ணில் பதிவாகியிருக்கிறது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எங்கே என்று கேளுங்கள். பதிவுபெற்ற ஆய்வில், சோதிக்கப்படும் சிகிச்சைக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்குவது வழக்கமன்று; மூவர் சேர்ந்து வந்தால் சலுகை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அம்மாவின் முடக்குவாதத்துக்கு எந்த வகை ஸ்டெம் செல்லும் தேவையில்லை. 1990களின் பிற்பகுதியில் கடுமையான முடக்குவாதத்துக்கு மாற்று சிகிச்சையை முயன்றார்கள். பலருக்கு நோய் திரும்பியது. அதே காலத்தில் உயிரியல் மருந்துகள் வந்து அந்தத் தேவையையே பெருமளவு இல்லாமல் செய்துவிட்டன. அம்மாவின் மருத்துவரிடம், மகளுக்கு எம்.எஸ். இருப்பதை மறவாமல் சொல்லுங்கள். முடக்குவாதத்துக்குத் தரும், டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் மருந்துகள் எம்.எஸ். நோயைத் தூண்டக்கூடியவை என்பதால், நெருங்கிய ரத்த உறவில் அந்த நோய் இருந்தால் வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க அவர் விரும்பலாம்.

சித்தியின் விஷயம் வேறு. ஸ்கிளிரோடெர்மா தோலோடு நிற்காமல் நுரையீரலையும் வேகமாகப் பாதித்தால், சொந்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்கு எம்.எஸ். நோயைவிடவும் உறுதியான சான்று அதில் உண்டு. ஏனெனில் உயிரையே காப்பாற்றுவதாக அங்கே காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் விலை பெரியது. ஐரோப்பாவில் 156 பேரிடம் நடந்த அஸ்டிஸ் ஆய்வில், மாற்று சிகிச்சைப் பிரிவின் 79 பேரில் எட்டுப் பேர் முதல் ஆண்டில் சிகிச்சையாலேயே இறந்தார்கள். அந்தக் கட்டத்தைக் கடந்தவர்கள், மருந்து மட்டும் பெற்றவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்தார்கள். நோயால் இறுகிப்போன இதயம் கீமோதெரபியைத் தாங்காது என்பதே மரணங்களுக்கு ஒரு முக்கியக் காரணம். சித்தியின் நுரையீரல் திறன் ஆறு மாதங்களில் எவ்வளவு குறைந்திருக்கிறது, இதயப் பரிசோதனை என்ன சொல்கிறது என்பதைப் பார்க்காமல் யாரும் அவருக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. மற்ற தன்னுடல் தாக்கு நோய்களில் நிலவரம் கலவையானது. கிரோன் குடல் நோயில் 45 பேரிடம் நடந்த ஆய்வு தன் இலக்கை எட்டவில்லை. லூபஸ் நோயில் இப்போது கவனம், ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் தொடங்கிய கார்-டி செல் சிகிச்சையின் பக்கம் திரும்பியிருக்கிறது. லூபஸ் நோயாளிகளும் வேறு தன்னுடல் தாக்கு நோயாளிகளும் சேர்ந்த 15 பேரின் முடிவுகள் 2024இல் வெளியாகி நம்பிக்கை தருகின்றன. அது ஸ்டெம் செல் சிகிச்சை அன்று. நோயாளியின் டி அணுக்களை மாற்றியமைத்துச் செய்வது.

அடுத்த ஆலோசனைக்குப் போகும்போது, தங்கையின் எம்.ஆர்.ஐ. அறிக்கைகளை மட்டும் எடுத்துப்போகாமல், ஆறு ஆண்டுக் குறுந்தகடுகளையும் தேடி எடுத்துச் செல்லுங்கள்; எந்தப் புள்ளி எப்போது தோன்றியது என்று படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஜே.சி. வைரஸ் எதிர்பொருள், ஹெபடைடிஸ் பி, சின்னம்மை எதிர்பொருள் ஆகிய ரத்தப் பரிசோதனைகளை முன்பே செய்துவைத்தால் நடாலிசுமாபா, ஒக்ரெலிசுமாபா என்ற முடிவு அன்றே எடுக்கப்படலாம். ஜே.சி. வைரஸ் எதிர்பொருள் மிகுதியாக இருந்தால், நடாலிசுமாபை நீண்ட காலம் எடுப்பவருக்கு பி.எம்.எல். என்ற ஆபத்தான மூளைத் தொற்று வரும் வாய்ப்பு கூடும் என்பதே அதற்குக் காரணம். போட வேண்டிய தடுப்பூசிகள் மீதமிருந்தால் ஒக்ரெலிசுமாப் தொடங்குவதற்கு முன்பு போடுவது நல்லது. தொடங்கிய பிறகு அவை சரியாகப் பிடிக்காது. எந்தெந்தத் தடுப்பூசி என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். ஃபிங்கோலிமோட் எடுக்கும்போது உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளைப் போடக்கூடாது.